கிரீஸ் புகையாகும் மலைப்பாதை! - 'ரீபேக்' சொல்லும் சைக்கிள் ஹப்பின் கதை

மலைப்பாதைகளுக்குப் பெயர் வைப்பதில் உலகம் முழுக்க ஒரு வழக்கம் உண்டு. சாமி பெயர் வைப்பார்கள், ராஜா பெயர் வைப்பார்கள், பாதை போட்ட இன்ஜினீயர் பெயர் வைப்பார்கள். ஒன்றுமே கிடைக்காவிட்டால் அங்கே நிற்கும் மரத்தின் பெயராவது வைப்பார்கள். ஆனால், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இருக்கும் ஒரு மண்பாதைக்கு மெக்கானிக் கடை வேலை ஒன்றின் பெயர்தான் வாய்த்திருக்கிறது. அந்தப் பெயர் 'ரீபேக்'.

சூட்கேஸில் துணியை மறுபடி அடுக்குவது என்று நினைத்துவிட வேண்டாம். சைக்கிள் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைப் பிரித்து, தீய்ந்துபோன பழைய கிரீஸை வழித்து எடுத்து, புது கிரீஸை அடைத்து மூடுவதற்குத்தான் அந்தப் பெயர். நம்மூர் சைக்கிள் கடையில் வண்டியை 'ஓவராயில்' பண்ணக் கொடுத்தால், மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் குண்டுகளைப் போட்டு அலசுவார்களே, கிட்டத்தட்ட அந்த வேலை.

ஒரு தடவை இறங்கினால், ஒரு தடவை ஹப்பைப் பிரித்தாக வேண்டும். 1970-களில் இந்தப் பாதை கேட்ட கட்டணம் அதுதான். இன்று உலகம் முழுக்க ஓடும் 'மவுன்டெயின் பைக்' பிறந்த கதையில் இந்தப் பாதைக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு. அந்தக் கதைக்குள் போக, சக்கரத்தின் நடுப்பகுதி வழியாக நுழைவதுதான் சரியான வழி.

ஊர் சின்னது... பேச்சு பெருசு!

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே சுமார் 30 கி.மீ போனால் ஃபேர்ஃபேக்ஸ் வரும். மரின் கவுன்டியில் இருக்கும் சிற்றூர். அரை மணி நேரத்தில் நடந்தே ஊரைச் சுற்றிவிடலாம். காபிக் கடைகள், பாட்டுக் கச்சேரி நடக்கும் பார்கள், நடுவில் ஒரு பூங்கா. வார இறுதியில், முழங்கால் வரை சேறு அப்பியபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருபவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

தெற்கே 2,571 அடி உயர மவுன்ட் டாமல்பையஸ் நிற்கிறது. உள்ளூர்க்காரர்கள் செல்லமாக 'மவுன்ட் டாம்' என்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் பலரும் ரீபேக் அந்த மலையில்தான் இருக்கிறது என்று நினைத்து வருகிறார்கள். உண்மையில் அது ஊருக்கு மேற்கே, பைன் மவுன்டெயின் பக்கத்துச் சரிவில் இருக்கிறது. காகிதத்தில் அதற்கு 'கேஸ்கேட் கேன்யன் ஃபயர் ரோடு' என்று பெயர். காட்டுத்தீ வந்தால் அணைக்கும் வண்டிகள் போவதற்காக வெட்டிய பாதை. காகிதப் பெயரை ஊருக்குள் சொன்னால் ஒரு விநாடி யோசிப்பார்கள். ரீபேக் என்றால் உடனே கை காட்டுவார்கள்.

மேலே போவதற்கு, ஃபேர்ஃபேக்ஸிலிருந்து போலினாஸ் ஊரை நோக்கிப் போகும் தார்ச்சாலையில் ஏறி, அங்கிருந்து மண்பாதையில் திரும்ப வேண்டும். ஏற ஏற மரங்கள் குட்டையாகின்றன. முகட்டில் இருக்கும் பாறை, பச்சை படர்ந்த 'செர்பென்டைன்' வகை. அந்த மண்ணில் செடிகளுக்கான சத்து குறைவு. அதனால் மற்ற இடங்களில் நிமிர்ந்து நிற்கும் சைப்ரஸ் மரம், இங்கே ஆள் உயரத்திலேயே நின்றுவிடுகிறது. தூரத்தில் ஏரிகள் தெரிகின்றன. அவை குடிநீர்த் தேக்கங்கள். பசிபிக் கடலிலிருந்து மூடுபனி ஏறி வரும் காலை நேரத்தில் எதுவுமே தெரியாது. நிழலுக்கு ஒதுங்க இடம் கிடையாது. கோடையில் தண்ணீர் பாட்டில் இரண்டாவது வேண்டும்.

பிறகு ஒரு பிரிவு. வலது பக்கம் பாதை சட்டென்று கீழே விழுகிறது. அங்கே தொடங்குகிறது ரீபேக். சுமார் இரண்டு மைல் தூரத்தில் 1,300 அடி இறக்கம். மேலிருந்து பார்த்தால் முதல் வளைவு தெரிகிறது. அதற்கு அப்பால் பாதை எங்கே போகிறது என்பது தெரியவில்லை.

முஷ்டி அளவு ஹப்... உள்ளே அடுப்பு!

1970-களின் தொடக்கம். மரின் பகுதியில் சைக்கிள் பைத்தியம் பிடித்த இளைஞர் கூட்டம் ஒன்று இருந்தது. சார்லி கெல்லி, கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் ஆகியோர் அவர்களில் பிரபலமானவர்கள். மூவருமே 'வெலோ கிளப் டாமல்பையஸ்' என்ற சைக்கிள் கிளப்பைச் சேர்ந்தவர்கள். கெல்லிக்குப் பிழைப்பு, ஒரு ராக் இசைக்குழுவின் கருவிகளைத் தூக்கி ஏற்றி இறக்கும் வேலை. தார்ச்சாலையில் ஓட்ட ஒல்லி டயர் ரேஸ் சைக்கிள்கள் அவர்களிடம் இருந்தன. ஆனால் மலையில் விளையாட வேறு ஒன்று தேவைப்பட்டது.

அதற்கு அவர்கள் தேடிப் பிடித்தது பழைய இரும்புக் கடைச் சரக்கை! 1930-கள், 40-களில் சிறுவர்களுக்காகச் செய்யப்பட்ட குண்டு டயர் சைக்கிள்கள். அதிலும் ஷ்வின் கம்பெனியின் 'எக்ஸெல்சியர்' ஃபிரேம் கிடைத்தால் கொண்டாட்டம். மட்கார்டு, செயின் கவர், டேங்க் போன்ற அலங்காரப் பெட்டி எல்லாவற்றையும் கழற்றிப் போட்டார்கள். அப்படியும் வண்டி 20 கிலோவுக்கு மேல் எடை நின்றது. இவற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கிளங்கர்'. 'லொடலொட வண்டி' என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வண்டிகளுக்குக் கையில் பிடிக்கும் பிரேக் இல்லை. பின்சக்கரத்தில் மட்டும் ஒரே ஒரு பிரேக். பெயர் 'கோஸ்டர் பிரேக்'. மிதிப்பதை நிறுத்திவிட்டு பெடலைப் பின்பக்கமாக அழுத்தினால் பிடிக்கும். ஹப்புக்குள்ளே ஒரு கூம்பு நகர்ந்து, பிரேக் கட்டைகளை வெளிப்பக்கம் விரிக்கும். அவை ஹப்பின் உள்சுவரில் உரசி சக்கரத்தை நிறுத்தும். உலோகத்தோடு உலோகம் உரசும் வேலை இது. நடுவில் கிரீஸ் இருப்பதால்தான் இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் நழுவி நழுவி நிற்கிறது.

தெருவில் செய்தித்தாள் போடும் சிறுவனுக்கு இது அருமையான பிரேக். மழை படாது, தூசி போகாது, வருடக்கணக்கில் தொட வேண்டியதில்லை. சமதளத்துக்கென்று செய்த பொருளை மலையில் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும்?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ. இறக்கம் 1,300 அடி, அதாவது சுமார் 400 மீட்டர். மேலே இருந்தபோது அந்த எடைக்குள் இருந்த ஆற்றல், கீழே வந்து நிற்கும்போது எங்கேயாவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதற்கு மேலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும் அளவு வெப்பம் அது. காற்றும் மண்ணும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டாலும், மீதி அத்தனையும் போய் இறங்குவது முஷ்டி அளவு இருக்கும் ஒரு ஹப்புக்குள். அதுவும் ஐந்தாறு நிமிடங்களில்!

கிரீஸ் முதலில் இளகும். பிறகு தீயும். பிறகு புகையாகக் கிளம்பும். மேலிருந்து இறங்கும் வண்டிகளுக்குப் பின்னால் புகை வால் போல நீண்டு வந்தது என்பது அந்தக் கால ஓட்டிகள் எல்லோரும் சொல்லும் விஷயம். கீழே வந்து சேரும்போது ஹப்பைத் தொட முடியாது. உள்ளே கிரீஸ் என்ற பெயரில் கறுப்புப் பொருக்குதான் மிச்சம் இருக்கும். அப்படியே அடுத்த தடவை மேலே கொண்டுபோனால், பிரேக் ஒன்று கிறீச்சிட்டபடி இறுகிக்கொள்ளும். இல்லையென்றால் பிடிக்கவே பிடிக்காது. இரண்டில் எது நடக்கும் என்பது வளைவில்தான் தெரியும்.

ஆகவே, இறங்கியதும் முதல் வேலை சக்கரத்தைக் கழற்றி, ஹப்பைத் திறந்து, துடைத்து, புது கிரீஸ் அடைப்பது. ரீபேக் செய்வது. அதுவே பாதையின் பெயராகிவிட்டது.

இதில் இன்னொரு வேடிக்கை. அதே காலத்தில், தெற்கே குப்பர்டினோவில் இதே போன்ற இன்னொரு இளைஞர் கூட்டமும் பழைய சைக்கிள்களை மலையேற்றிக்கொண்டிருந்தது. அவர்கள் தங்கள் குழுவுக்கு வைத்த பெயர் 'மாரோ டர்ட் கிளப்'. மாரோ என்பது ஒரு கோஸ்டர் பிரேக் ஹப்பின் பிராண்டு! ஒரு கூட்டம் ஹப்பின் பெயரைக் கிளப்புக்கு வைத்தது, இன்னொரு கூட்டம் ஹப்பின் வியாதியை மலைக்கு வைத்தது. 1974 டிசம்பரில் மில் வேலியில் நடந்த ஒரு பந்தயத்துக்கு மாரோ கூட்டம் வந்தது. அவர்கள் வண்டியில் பல கியர்கள் இருந்ததை மரின் இளைஞர்கள் கண் விரியப் பார்த்தார்கள்.

யார் ஃபாஸ்ட்? ஒரு வாக்குவாதம்!

1976 அக்டோபர் 21. கூட்டத்தில் யார் வேகமாக இறங்குவார்கள் என்ற வாக்குவாதம் முற்றிப்போய், பந்தயமே வைத்துவிடலாம் என்று முடிவானது. எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்ந்தால் பாதை தாங்காது. அதனால் ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டு அனுப்பினார்கள். ஒரே நேரத்துக்குச் சரிசெய்த இரண்டு கடிகாரங்களில் ஒன்று மேலே, ஒன்று கீழே. கெல்லி நோட்டுப் புத்தகத்தில் நேரம் குறித்தார்.

முதல் பந்தயத்தில் ஜெயித்தவர் ஆலன் பாண்ட்ஸ். காரணம் ரொம்ப எளிமை. அன்று கீழே விழாமல் வந்து சேர்ந்த ஒரே ஆள் அவர்தான்!

பிறகு பந்தயம் அடிக்கடி நடந்தது. 1979-க்குப் பிறகு நின்று, 1983, 84-ல் மீண்டும் நடந்து, அதோடு முடிந்தது. மிக வேகமான நேரம் கேரி ஃபிஷருடையது. 4 நிமிடம் 22 விநாடி. இரண்டு விநாடி பின்னால் ஜோ பிரீஸ். கணக்குப் போட்டால் சராசரி வேகமே மணிக்கு 40 கி.மீ-யைத் தாண்டுகிறது. கரடுமுரடான மண்பாதையில், கண்ணுக்குத் தெரியாத வளைவுகளில்!

அந்த வளைவுகளுக்கெல்லாம் பெயர் உண்டு. அதில் ஒன்று 'கேமரா கார்னர்'. வெண்டி கிராக் என்ற பெண், அந்தக் கூட்டத்தில் தானும் ஒரு ஓட்டியாக இருந்துகொண்டே புகைப்படங்களும் எடுத்தார். ஜீன்ஸும் கனமான ஷூவும் போட்டு, ஹெல்மெட் இல்லாமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரும்பும் இளைஞர்கள் அந்தப் படங்களில் இருக்கிறார்கள். கால் ஊன்றுவது ஸ்டைலுக்காக என்று தோன்றும். பின்சக்கரத்தில் மட்டும் பிரேக் இருக்கும் 20 கிலோ வண்டியைத் திருப்ப வேறு வழியே இல்லை என்பதுதான் நிஜம்.

பிரேக் ஹப்பைவிட்டு ஓடிய கதை

ஒவ்வொரு இறக்கத்துக்கும் கிரீஸ் அடைத்து அலுத்துப்போனவர்கள்தான் சைக்கிளை மாற்றினார்கள். கேரி ஃபிஷர் 1970-களின் நடுவிலேயே தன் ஷ்வினில் பல கியர்களையும், இரட்டைச் சவாரி சைக்கிளில் வரும் டிரம் பிரேக்கையும் பொருத்தினார். டிரம் பிரேக்கும் ஹப்பில்தான் இருக்கிறது. ஆனால் அதன் கட்டைகள் தனி அறையில், கிரீஸ் படாமல் உலர்ந்து இருக்கும். குண்டுகளின் கிரீஸ் வேறு, பிரேக்கின் வேலை வேறு என்று பிரிந்துவிட்டது.

1977-ல் ஜோ பிரீஸ், பழைய ஃபிரேமை நம்பாமல், மலைக்கென்றே புதிதாக ஒரு ஃபிரேம் கட்டினார். அதுதான் 'பிரீஸர்'. அதில் பிரேக் ஹப்பைவிட்டே வெளியேறி, சக்கரத்தின் விளிம்புக்குப் போனது. ரிம்மை இரண்டு பக்கமும் ரப்பர் கட்டை பிடிக்கும். வெப்பம் பெரிய வட்டத்தில் பரவி, காற்றில் ஆறிவிடும். 1979-ல் ஃபிஷரும் கெல்லியும், டாம் ரிட்சி செய்த ஃபிரேம்களை வைத்து 'மவுன்டெயின் பைக்ஸ்' என்ற பெயரில் கடையே தொடங்கினார்கள். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் 'ஸ்டம்ப்ஜம்பர்' வந்து, கடைக்குக் கடை விற்கும் பொருளானது.

ஹப்புக்கு இனி நிம்மதி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நெருப்பு போனது, உண்மை. ஆனால் தண்ணீரும் மண்ணும் அதிர்ச்சியும் அப்படியே இருந்தன.

ரீபேக்கில் இன்று நடந்தே இறங்கினால் அது புரியும். சரளைக் கற்கள் காலடியில் உருளுகின்றன. மழைநீர் அறுத்த வாய்க்கால்கள் பாதையின் குறுக்கே போகின்றன. மழை பெய்வது குளிர்காலத்தில். கோடையில் அதே மண் முகப்பவுடர் போலப் பொடியாகி, வண்டி போனதும் எழுந்து நிற்கிறது. கீழே இறங்க இறங்க ஓக் மரங்களும், கசக்கினால் பிரியாணி இலை போல வாசம் அடிக்கும் பே மரங்களும் வருகின்றன. பள்ளத்தாக்கின் அடியில் ஓடை. குளிர்காலத்தில் சக்கரம் முங்கக் கடக்க வேண்டியிருக்கும். இறங்கி வந்த சூட்டோடு ஹப் குளிர்ந்த தண்ணீருக்குள் போனால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும் காற்று வெளியே இருக்கும் தண்ணீரை, சந்து கிடைத்த வழியாக உள்ளே இழுக்கும். யாரும் ஊற்ற வேண்டியதில்லை!

பழைய பாணி ஹப்பின் உள்ளே இருப்பது ரொம்ப எளிமையான ஏற்பாடு. வழக்கமாகப் பின்சக்கரத்தில் பக்கத்துக்கு 9 வீதம் கால் அங்குலக் குண்டுகள். முன்சக்கரத்தில் பக்கத்துக்கு 10 வீதம் சின்னக் குண்டுகள். ஹப்பில் ஒரு கிண்ணம், ஆக்சிலில் ஒரு கோன், நடுவில் உருளும் குண்டுகள். நம்மூர் கறுப்பு சைக்கிளிலும் இதே கப், இதே கோன்தான். ஸ்பானர் இரண்டு இருந்தால் போதும், பிரித்துவிடலாம். காய்கறி வாங்கப் போகும் வண்டிக்கும் மலையிலிருந்து குதிக்கும் வண்டிக்கும் ஒரே வைத்தியம் என்பது யோசித்தால் ஆச்சரியம்தான்.

இதில் முதலில் தேய்வது கோன். குண்டு ஓடும் தடத்தில் அம்மைத் தழும்பு போலச் சின்னச் சின்னக் குழிகள் விழும். ஆக்சிலை விரலால் சுற்றினால் மணல் அரைப்பது போல உணர்வு வரும். அப்போதே கோனையும் குண்டுகளையும் மாற்றிவிட்டால் செலவு அற்பம். 'இன்னும் ஓடுதுல்ல' என்று விட்டுவிட்டால், குழி கிண்ணத்துக்குப் போய்விடும். கிண்ணம் பல ஹப்களில் உடலோடு இறுகப் பொருத்தப்பட்டது. அதைத் தனியாக மாற்ற வழி கிடையாது. அப்புறம் ஹப்பே போச்சு. ஹப் போனால் கம்பி அத்தனையும் கழற்றி, புது ஹப்பில் கோத்து, கோட்டம் எடுக்க வேண்டும். சில ரூபாய் குண்டு சக்கரத்தையே சாப்பிட்டுவிடும்.

கோனை எவ்வளவு இறுக்குவது என்பதும் கைப்பழக்கம். அதிகம் இறுக்கினால் குண்டு நசுங்கி உருளும். தளர்த்தினால் சக்கரம் ஆடும். ஒரே இழுப்பில் மூடும் குயிக் ரிலீஸ் வகை ஆக்சில் என்றால், அதை மூடும்போது ஆக்சில் இம்மியளவு அமுங்கும். அதனால் முதலில் துளி ஆட்டம் வைத்துவிட்டு, மூடியதும் ஆட்டம் மறைகிறதா என்று பார்ப்பார்கள். அனுபவசாலி மெக்கானிக் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். மற்றவர்களுக்கு நாலு தடவை பிரிக்க வேண்டியிருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

'சீல்டு' என்ற சொல் செய்த வேலை

குண்டும் தண்ணீரும் சந்திக்காமல் இருந்தால் என்ன? கலிஃபோர்னியாவிலேயே அதற்கும் பதில் தயாரானது. சான் ஹோசேயில் 1971-ல் ஃபில் வுட் தொடங்கிய கம்பெனி, மூடிய பேரிங் வைத்த ஹப்களைக் கொண்டுவந்தது. குண்டுகளும் தடமும் கிரீஸும் ஒரே வளையத்துக்குள் அடங்கி, இரண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்டு வரும். தேய்ந்தால் வளையத்தையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது. ஹப்பின் உடல் தப்பிக்கும்.

மரின்காரர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். சார்லி கன்னிங்ஹாம், ஸ்டீவ் பாட்ஸ், மார்க் ஸ்லேட் மூவரும் 1982-ல் தொடங்கிய 'வில்டர்னஸ் டிரெய்ல் பைக்ஸ்' கம்பெனியிலிருந்து வந்தது 'கிரீஸ் கார்டு'. ஹப்பில் ஒரு சின்னத் துளை. கிரீஸ் துப்பாக்கியை வைத்து அழுத்தினால் புது கிரீஸ் உள்ளே போக, அழுக்கான பழைய கிரீஸ் தானாக வெளியே தள்ளப்படும். ஹப்பைப் பிரிக்காமலே ரீபேக்! ரீபேக் பாதையின் மண்ணிலிருந்து முளைத்த யோசனை என்றால் இதுதான் என்று தோன்றுகிறது. மூடிய பேரிங்கைவிட அழகான யோசனையும்கூட. ஆனால் சந்தையில் ஜெயித்தது மூடிய பேரிங். கிரீஸ் துப்பாக்கி வாங்கிவைத்துக்கொள்ளும் பொறுமை எல்லோருக்கும் இருக்காதே!

பின் ஹப்பில் இன்னொரு தலைவலியும் இருந்தது. கியர் பற்சக்கரங்களை ஹப்பின் மேல் தனியாகத் திருகி மாட்டும் பழைய ஏற்பாட்டில், வலது பக்கக் குண்டுகள் ரொம்ப உள்ளே தள்ளி இருந்தன. ஆக்சிலின் ஒரு நீளமான பகுதி தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டு நின்றது. குதித்து இறங்கினால் வளையும், சமயத்தில் உடையும். பிறகு பரவலான 'ஃப்ரீஹப்', பற்சக்கரம் மாட்டும் பகுதியை ஹப்போடு சேர்த்து, பேரிங்கை வெளி ஓரத்துக்குக் கொண்டுபோனது. ஆக்சில் வளைவது பெரிதும் குறைந்தது.

மிதிக்காமல் உருளும்போது பின்சக்கரத்தில் கேட்கும் 'டிக் டிக்' சத்தம் இந்த ஃப்ரீஹப்பின் குரல். உள்ளே ஸ்பிரிங் வைத்த சின்னக் கொக்கிகள், பற்களின் மேல் தாவித் தாவிப் போகும் ஓசை. மிதித்ததும் அவை பல்லில் மாட்டிக்கொண்டு சக்கரத்தைத் தள்ளும். டிடி ஸ்விஸ் ஹப்களில் கொக்கிக்குப் பதில், முகத்தோடு முகம் பொருந்தும் இரண்டு பல் வளையங்கள் இருக்கின்றன. ஓர மூடியைக் கையால் இழுத்தாலே பிரிந்துவிடும், ஸ்பானர்கூட வேண்டாம். கிறிஸ் கிங் ஹப்களில் 72 பற்கள். கோபமான தேனீக்கூட்டம் போலச் சத்தம் போடும். அந்த ரீங்காரத்துக்காகவே காசு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்!

இங்கேதான் அக்கறையே ஆபத்தாவது உண்டு. பேரிங்குக்கு அடைக்கும் கெட்டி கிரீஸை, 'நிறைய இருந்தால் நல்லதுதானே' என்று கொக்கிகளிலும் அப்பினால், அவை ஒட்டிக்கொண்டு எழாது. குளிரில் இன்னும் மோசம். ஏற்றத்தில் நின்று முழு எடையோடு மிதிக்கும்போது கொக்கி மாட்டாமல் போனால், பெடல் வெறுமையில் விழும். முழங்கால் கைப்பிடியில் மோதும், நெஞ்சு கம்பியில் மோதும். கொக்கிகளுக்கு லேசான எண்ணெயோ, அதற்கென்றே விற்கும் மெல்லிய கிரீஸோ, அதுவும் கொஞ்சமாகத்தான் போட வேண்டும்.

'சீல்டு' என்று எழுதியிருப்பதைப் படித்ததும் பலரும் ஹப் என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். அந்த ரப்பர் மூடி தூசிக்கும் தெறிக்கும் தண்ணீருக்கும் தடை. கார் கழுவும் பிரஷர் பைப்பை ஹப்பின் பக்கவாட்டில் பிடித்தால், அது தடுக்காது. வண்டி வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே கிரீஸ் தண்ணீரோடு கலந்து பால்போல வெளுத்து, துருவுக்கு விருந்து வைத்திருக்கும். சேற்றில் ஓட்டிக் கெடுத்த ஹப்கள் எத்தனையோ, கழுவிக் கெடுத்த ஹப்களும் அத்தனை இருக்கும். வாளித் தண்ணீர், ஸ்பாஞ்சு, பழைய துணி போதும்.

எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்? இதற்கு ஒரே எண் கிடையாது. வறண்ட மண்ணில் வார இறுதியில் மட்டும் ஓட்டுபவரின் ஹப் ஒரு வருடம் பேசாமல் இருக்கும். ஓடைக்குள் இறக்கியவர் அந்த வாரமே மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது. பேரிங் வளையத்தை மாற்றும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஹப்பின் உடலுக்குள் இறுக்கி ஏற்றும்போது, அழுத்தம் வெளி வளையத்தில் மட்டும் விழ வேண்டும். உள் வளையத்தில் சுத்தியலால் தட்டினால், குண்டுகள் தடத்தில் பதிந்து, புது பேரிங் அன்றைக்கே பழசாகிவிடும்.

பிரேக்கும் கடைசியில் ஹப்புக்கே திரும்பி வந்துவிட்டது. இன்றைய மலை சைக்கிள்களில் டிஸ்க் பிரேக். தட்டு ஹப்பின் மேல்தான் மாட்டப்பட்டிருக்கிறது. ஆனால் இந்த முறை நெருப்பு வெளியே, காற்றில். ரீபேக்கின் அடியில் வந்து நிற்கும் வண்டியில் தட்டைத் தொட்டால் விரல் பொசுங்கும். பக்கத்திலேயே ஹப்பின் உடலைத் தாராளமாகத் தொடலாம். புகை வால் எதுவும் வருவதில்லை. நிறுத்தும் விசை முழுவதும் ஹப்பிலிருந்து கம்பிகள் வழியாக ரிம்முக்குப் போக வேண்டியிருப்பதால், டிஸ்க் சக்கரத்தில் கம்பிகளை நேராகக் கோப்பதில்லை. ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகப் போகும்படி கோக்கிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு...

ஃபேர்ஃபேக்ஸ் ஊருக்குள்ளேயே 'மரின் மியூசியம் ஆஃப் பைசைக்கிளிங்' இருக்கிறது. 2015-ல் திறந்தார்கள். மவுன்டெயின் பைக் ஹால் ஆஃப் ஃபேமும் அதற்குள்தான். முதலில் அங்கே போய்ப் பழைய கிளங்கர்களின் பின் ஹப்பைக் குனிந்து பார்த்துவிட்டு மலைக்குப் போனால், பாதை வேறு மாதிரி தெரியும். பலரும் மாற்றிச் செய்கிறார்கள்.

மழை முடிந்து புல் பச்சையாக இருக்கும் வசந்த காலம் நல்ல நேரம். கீழே, ஓடைப் பக்கம் இருக்கும் கேஸ்கேட் டிரைவ் தெருவில் கார் நிறுத்த இடம் மிகக் குறைவு. அங்கே குடியிருப்பவர்களுக்கும் அது பெரிய எரிச்சல். ஊருக்குள் நிறுத்திவிட்டு வருவதே மரியாதை. பாதையில் நடப்பவர்களும் குதிரை ஓட்டுபவர்களும் வருவார்கள். சைக்கிளுக்கு இன்று வேகக் கட்டுப்பாடு மணிக்கு 15 மைல், அதாவது 24 கி.மீ. ஃபிஷரின் 4 நிமிடம் 22 விநாடியை இன்று யாராவது தொட்டால், கையில் கிடைப்பது கோப்பையாக இருக்காது. அபராதச் சீட்டாக இருக்கும்!

வாடகைக்கு வண்டி எடுப்பவர்கள், காசு கொடுக்கும் முன் ஒரு நிமிடம் செலவழிக்கலாம். சக்கரத்தைத் தூக்கி, ரிம்மைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பார்க்கவும். 'டொக்' என்று கைக்கு ஆட்டம் தெரிந்தால் வேறு வண்டி கேட்கவும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஃபிரேமில் லேசாகக் கை வைத்தால், கரகரப்பு இருந்தால் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். பின்சக்கரத்தின் 'டிக் டிக்' ஒரே சீராக இருக்கிறதா, நடுநடுவே விழுங்குகிறதா என்று கேட்கவும். மேலே முகட்டில் மெக்கானிக் கடை இல்லை.